எந்தப் பக்கம் முதன்மை, மாப்பிள்ளை?

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வாழ்த்துடன் வரைவது. யான் நலம். நீங்களும் என் மகளும் நலமாயிருக்க விழைகிறேன். கடைதான் நலமில்லை, இணையத்தில் அதைக் காணவே காணோம்.

உங்கள் அத்தையும் என் அண்ணியாரும் கூட்டாக நடத்தும் திரைச்சீலைக் கடைக்கு, ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஆளுக்கோர் இணையப்பக்கம் தொடங்கியதை அறிவீர்கள். அதே சன்னல், அதே சீலை, அதே சொற்கள். எதைக் காட்டுவதென்று குழம்பிய தேடுபொறி இரண்டையும் பின்னுக்குத் தள்ள, எதிர்வரிசைக் கடைக்காரர் முதலிடத்தில் சட்டமாக அமர்ந்துகொண்டார். புதிய விடுதியொன்றின் மேலாளர் தம் சன்னல்கள் அனைத்துக்கும் சீலை தேடும் வேளையிலா இது நேர வேண்டும்!

நீங்கள் இரண்டு வழி சொன்னீர்கள். ஒன்று ரீடைரக்ட்: ஒரு பக்கத்தின் கதவைத் தட்டுபவரை மற்றதற்கே அனுப்பிவிடும் வழிமாற்று. மற்றொன்று கனானிக்கல் குறி: இரண்டும் திறந்திருக்கும், ‘இதுவே முதன்மை’ என்று தேடுபொறியின் காதில் மட்டும் ஓதும். கேட்டதும் என் குருதி கொதித்தது. ஒரே தையல் எந்திரத்தில் பிறந்த இரண்டனுள் ஒன்று முதன்மையாம், மற்றது நகலாம்! ஏற்றத்தாழ்வை எதிர்த்து மேடைதோறும் முழங்கிய நாவா இதற்கு உடன்படும்? கடைக் கணக்கரை அழைத்துச் சமநீதி நாட்டினேன்: முதற்பக்கத்தை இரண்டாவதற்குத் திருப்புக; இரண்டாவதை முதலாவதற்குத் திருப்புக!

“ஐயா, அப்புறம் வர்ற ஆளு எங்கதான் போய் நிப்பாரு?” என்றார் கணக்கர்.

“கொள்கையில் நிற்பார்!” என்றேன்.

நின்றது வணிகம். இது அதனிடம் தள்ள, அது இதனிடம் தள்ள, உலாவி மூச்சுவாங்கிக் கையை விரித்துவிட்டது. விடுதி மேலாளர் தொலைபேசியில், “கடைய மூடிட்டீங்களாம்மா?” என்று துக்கம் விசாரித்தார். அண்ணியார் என்னிடம், “தம்பி, மேடையில எதை வேணா கவுத்துக்கோங்க, எங்க கடைய ஏன் கவுத்தீங்க?” என்றார். உங்கள் அத்தையோ, “விடுங்கக்கா, அவருக்கு நம்ம வீட்டு ஃபேன் சுவிட்ச் எதுன்னே தெரியாது” என்று எனக்காகப் பரிந்து பேசினாள்.

மேலாளர் நாளை மீண்டும் பார்ப்பாராம். ஆகவே இன்றே வழிமாற்று இரண்டையும் அகற்றுங்கள். கனானிக்கல் குறியை இட்டு, அண்ணியார் பக்கத்தையே முதன்மையாகக் காட்டுங்கள். பலரும் தம் தளங்களிலிருந்து இணைப்புக் கொடுத்திருப்பது அதற்குத்தான். குறி எவர் கண்ணுக்கும் படாது. உங்கள் அத்தை அறியவே வேண்டாம். கொள்கை தோற்கவில்லை, மாப்பிள்ளை. சற்றே ஒதுங்கி நிற்கிறது.

உங்கள் இல்லத்தில் மின்சாரமும் இணையமும் தடையின்றிப் பாய்க! அங்கு என் மகள் சொல்லே இறுதிச் சொல்லாகுக!

அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: மேற்கண்ட எதையும் செய்ய வேண்டாம். வாய்விட்டு முழங்கியபடியே எழுதுவது என் வழக்கம். அடுத்த அறையில் சீலை வெட்டிக்கொண்டிருந்த இருவரும் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டார்கள். கேட்டு, வரலாற்றில் முதன்முறையாக ஒருமனதாகத் தீர்மானமும் நிறைவேற்றிவிட்டார்கள்: புதிய பொதுப்பக்கம் ஒன்று எழும், பழைய இரண்டும் அதற்கே வழிமாற்றப்படும். “முகப்புல யார் படம் முதல்ல வரணும், நீங்களே சொல்லுங்க” என்று இருவரும் இப்போது என்முன் நிற்கிறார்கள். அது மாப்பிள்ளையின் முடிவு என்று சொல்லிவிட்டேன். தொலைபேசி ஒலித்தால் எடுத்துவிடுங்கள்.