திருநீறு பூசிய பேரிங்

தூத்துக்குடி,
வியய வருஷம், ஆவணி மாதம்.

கொழும்பு புறக்கோட்டையில் கருப்பட்டி வியாபாரமும் மோட்டார் சாஸ்திரமும் ஒருங்கே நடத்திவரும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் வன்னியபெருமாள் அவர்களுக்குக் காசிலிங்கம் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உமது அக்காள் செண்பகமும் சௌக்கியம். நம் மோட்டாரின் சௌக்கியத்தைக் கேட்டு எழுதியிருந்தீர். உம்முடைய கைங்கரியம் அல்லவா, நீர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்.

வண்டி புகைவிட்டு எண்ணெயைத் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்ததும் மெக்கானிக் ஜெபகனி இன்ஜினைப் பிரித்துச் சாக்கில் பரப்பினான். ரிங்கும் பேரிங்கும் புதிதாக வேண்டும், கிராங்க் மட்டும் வேறு வண்டியில் கழற்றிய பழையது போதும் என்றான். ஏரலில் காலமான தளவாய்ப் பண்ணையாருடையதும் இதே மாதிரி வண்டிதானாம். தொழுவத்தில் சும்மா கிடக்கிறது, அவர் சம்சாரம் பிச்சம்மாளிடம் கேட்டால் கொடுப்பார்கள் என்றான். நல்ல யோசனைதான். நம் குடும்பத்தில் நல்ல யோசனைக்கு என்றைக்கு மரியாதை இருந்திருக்கிறது? உமது அக்காள், "செத்தவுக வண்டிச் சாமான மாட்டி எம் புள்ளைய ஏத்தப் போறியளா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. சாத்தான்குளத்தில் நம் மகள் பகவதிக்கு மாதம் நெருங்குகிறது, தலைப்பிரசவம். மோட்டார் வந்தால் மருமகளை அனுப்புவேன், மாட்டுவண்டியிலும் கரி போட்டு ஓட்டும் பஸ்ஸிலும் அனுப்பமாட்டேன், இல்லாவிட்டால் பேறுகாலம் இங்கேயே ஆகட்டும் என்று சம்பந்தி சங்கரபாண்டியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாய்வீட்டுக்கு வரமுடியாமல் போய்விடுமோ என்று பிள்ளை பயப்படுகிறாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் உமது கடிதம் வந்தது. பழைய சாமான் போடுவது குடும்ப கௌரவத்துக்குக் குறைச்சல், கிராங்க் முதற்கொண்டு சகலமும் புதிதாக நானே அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர். மோட்டாரில் உமக்கு ஹாரன் அடிக்கத் தெரியும் என்பதை நான் அறிவேன், மற்றதும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பார்சல் கப்பலில் வந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு. அன்று வெள்ளிக்கிழமை வேறு. உமது அக்காள் எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்து, பிஸ்டன் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, திருச்செந்தூர் இலை விபூதியைப் பேரிங்கின் எண்ணெய்த் துவாரங்களுக்குள் கொட்டி அடைத்திருக்கிறாள். முருகன் உள்ளேயே இருந்து காப்பாற்றுவானாம். ஜெபகனி மேலே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு மாட்டினான், உள்ளே இருந்த முருகனை அவன் கவனிக்கவில்லை. வண்டி கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் பவனி போய், கிரீச்சென்று அலறி நின்றது. பிரித்துப் பார்த்தால் உமது புதுப் பேரிங் கொத்தின அம்மி மாதிரி இருந்தது, கிராங்கும் போயிற்று. உப்பு வண்டி மாடுகளைக் கட்டி இழுத்து வந்தோம். சங்கு குளிக்கப் போகிறவர்கள்கூடத் தோணியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் கிராங்க், ராடு, பேரிங், ரிங் சகலத்தையும் தளவாய் வண்டியிலிருந்தே கழற்றிவரச் சொல்லி ஜெபகனியை ஏரலுக்கு அனுப்பினேன். ரிங்கையாவது புதிதாகப் போடலாமே அண்ணாச்சி என்று முனகினான். புதிது என்ற சொல்லே என் காதில் விழக்கூடாது என்றேன். இப்போது வண்டி சத்தமே இல்லாமல் ஓடுகிறது. உமது அக்காளிடம், இது நீர் அனுப்பிய இரண்டாவது பார்சல் என்று சொல்லியிருக்கிறேன். பூசைக்கு வைக்கக் கேட்டாள். கதிர்காமத்தில் வைத்துப் பூசித்தே அனுப்பியிருக்கிறான் உன் தம்பி என்றேன், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் விசாரித்து எழுதினால் ஆமாம் என்று பதில் போட்டுவிடும். நாளை விடிந்ததும் நாங்கள் சாத்தான்குளம் போகிறோம். இனி நீர் ஒரு திருகாணிகூட அனுப்பவேண்டாம். புதுச் சாமானின் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிட்டது. சாகும்வரை பழையதுதான் போடுவேன்.

உமக்கும் உமது சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் திருச்செந்தூரான் சகல பாக்கியங்களையும், அவற்றோடு மோட்டாரைப் பற்றி வாய் திறக்காதிருக்கும் பாக்கியத்தையும் அருள்வானாக.

இப்படிக்கு,
உமது நன்மையை நாடும் அத்தான்,
சீ. காசிலிங்கம்.

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்து சட்டைப்பையில் கொண்டுவந்துவிட்டேன். இதை ஏரலிலிருந்து எழுதுகிறேன். பகவதியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பழைய ரிங் ஒடிந்து, புகையைக் கக்கிக்கொண்டு வண்டி இங்கே நின்றுவிட்டது. பிள்ளைக்கும் வலி கண்டுவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. தெரிந்த வீடு பிச்சம்மாள் வீடு ஒன்றுதான். வாசலில் இறக்கியதுமே அந்த அம்மாள், எங்க வண்டிச் சாமான் நல்லா ஓடுதா என்று உமது அக்காள் முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொழும்பிலிருக்கும் உமக்கும் பங்கு உண்டு. ரிங்கும் பேரிங்கும் புதிதாக உடனே அனுப்பும், ஜெபகனி பட்டறை விலாசத்துக்கு.

பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். பிச்சம்மாள் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத புதுத்துணி ஒன்றை எடுத்து நீட்டினார்கள். உமது அக்காள் வாங்கவில்லை. "பச்சப் புள்ளைக்குப் புதுசு ஆகாது, மதினி. நீங்க உடுத்துன பழைய சேலை ஒண்ணு கிழிச்சுத் தாங்க" என்று கேட்டு வாங்கி, அதில்தான் அவனைச் சுற்றிப் படுக்கவைத்திருக்கிறாள்.