துரையின் மழைக்கோட்டு

"இது கோட்டா, பலாப்பழப் பாலா?" என்று கேட்டாள் ஜகதாம்பாள். பெட்டியிலிருந்து எடுத்த ரப்பர் மழைக்கோட்டு அவள் விரல்களை விட மறுத்தது.

அவள் கணவர் பட்டாபிராமன் ஓடி வந்து பார்த்தார். கோட்டு அவருடையது அல்ல. அவர் குமாஸ்தாவாக இருக்கும் அலிப்பூர் ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை சீமைக்கு லீவில் போகும்போது, பத்திரமாக வைத்திருக்கும்படி நம்பிக் கொடுத்தது. நாளை மறுநாள் துரை திரும்பி வருகிறார். வந்ததும் புது ஹெட் கிளார்க் யார் என்று சொல்லப்போகிறார்.

"வெளியிலே எடுக்கவே இல்லையேடி. பூட்டி வெச்ச வஸ்து எப்படிக் கெட்டுப்போகும்?"

"இந்தக் கல்கத்தா ஈரத்துலே உப்பே ஜலமாப் போறது. ரப்பருக்கு மட்டும் என்ன வந்தது?"

"மழைக்குன்னே பண்ணின கோட்டு ஈரத்துலே கெட்டுப்போறதாம். இது என்ன அக்கிரமம்? இதுக்குப் பேர் சீமைச் சரக்கு."

"கத்தாதேங்கோ. எண்ணெய் தேச்சு, சீயக்காய் போட்டா பிசுக்கு போயிடும்."

கோட்டுக்கு எண்ணெய் ஸ்நானம் நடந்தது. நல்லெண்ணெய் பட்டதும் ரப்பர் ஊறி உப்பிக்கொண்டது. சீயக்காயும் அதோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியே விடாத மழை. வேறு வழியில்லாமல் சமையலறைக் கொடியில் உலர்த்தினார்கள். அடுப்புச் சூட்டில் இளகிய கோட்டின் ஒரு கை மெதுவாக இறங்கிச் சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியைப் பிடித்துக்கொண்டது. பட்டாபிராமன் பதறிப்போய் இழுத்தார். கை மட்டும் வந்தது.

"பிய்ச்சுட்டேளே."

"நானா பிய்ச்சேன்? சனியன், தானா வந்தது. இந்த லட்சணத்துக்கு துரைக்கு நான் ஜவாப் சொல்லணுமாம்."

ஜகதாம்பாளின் வளையல்கள் சேட்டுக் கடைக்கு அடகுக்குப் போயின. சௌரங்கி வீதிக் கடையிலிருந்து அதே மாதிரி புதுக் கோட்டு வந்தது. அதைப் பழசாகக் காட்டுவதற்காகப் பட்டாபிராமன் இரவு முழுக்க அதன் மேல் படுத்துப் புரண்டார்.

ஆபீஸுக்குத் திரும்பிய துரை கோட்டை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். அவரால் நம்பவே முடியவில்லை.

"இந்த ஊர் ஈரத்திலா? எப்படிக் காப்பாற்றினாய்?"

"தினமும் கவனித்துக்கொண்டேன், சார்," என்று பட்டாபிராமன் கூசாமல் புளுகினார்.

துரை அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஹெட் கிளார்க் வேலை கிடைத்த மாதிரிதான் என்று பட்டாபிராமன் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே போன சக குமாஸ்தா சுந்தரேசன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"ஹெட் கிளார்க் வேலை எனக்காம், ஓய். பட்டாளத்துக்குன்னு கப்பல்லே ஆயிரம் ரப்பர் கோட்டு வந்திருக்கு. அதைக் கெடாம பாத்துக்க உம்மை விட்டா ஆள் இல்லைன்னு, ரிட்டயர் ஆறவரைக்கும் உம்மைக் கோட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற கிட்டங்கியிலேயே போட்டுட்டார்."