பொம்மையாரின் நான்கு டின்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கடலூர் மாவட்டத்தில், படம் பார்க்க வந்தவர்களின் முகத்தைவிட முதுகை அதிகம் கண்ட மனிதர் ஒருவரே இருந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரை அவருடைய மனைவியாரே சற்று யோசித்துத்தான் சொல்வார். எங்களுக்கு அவர் பொம்மையார்.

ஊர் ஊராகச் சென்று அரசாங்கப் பிரசாரப் படங்களை ஓட்டிக் காட்டி ஓய்வு பெற்ற ஆபரேட்டர் அவர். மூடப்பட்ட திரைப்படச் சங்கம் ஒன்று பழைய இரும்புக்குப் போடவிருந்த பொருள்களிலிருந்து ஒரு சிறிய புரொஜெக்டரையும் நான்கு டின்களையும் மீட்டு வந்தார். நான்கு டின்களில் நான்கு சுருள்களாக ஒரே படம். எந்த நாட்டுப் படம் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. பேச்சு இல்லை. முழுவதும் கையால் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள். அவற்றில் ஒரு பெண், ஒரு படகு, ஏராளமான கடல். அப்பெண் பல இடங்களில் ஆடையின்றி நீந்துவாள். ஆகவே அது வயது வந்தோருக்கான படம்.

எனக்கு இரண்டு பணிகள். சுருள்களைக் காற்றாட வைத்து, டின்களைத் துடைத்து மூடுவது ஒன்று. சுருள்களின் வரிசை எண்கள் மூடிகளின் மேல் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. காட்சி நடக்கையில் வாசலில் நின்று சிறுவர்களைத் தடுப்பது மற்றொன்று. அதன் பயனாக அப்படத்தை நான் பார்த்ததே இல்லை.

கடலூரில் முதற்காட்சி. பொம்மைப் படம் என்ற அறிவிப்பைக் கண்டு குடும்பங்கள் திரண்டன.

“பொம்மையில என்னா சார் பெரியவங்க, சின்னவங்க?” என்று ஒரு தந்தை சண்டைக்கு வந்தார்.

“இது வளந்த பொம்மைங்க. புள்ளைங்கள வூட்டுல வுட்டுட்டு வாங்க” என்றார் பொம்மையார்.

விடச் சென்றவர்கள் திரும்பவில்லை.

பாடம் கற்றுக்கொண்டு, காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கிடங்கில் காட்டியபோது ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று மட்டுமே எழுதி வைத்தார். இளைஞர்களால் கிடங்கு நிறைந்தது. திரையிலோ, முதல் பத்து நிமிடங்கள் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நீலம் பரவியது.

“மாமா, மிஷினு நின்னுபோச்சா?” என்றான் ஒருவன்.

“நிக்கல மாப்ள. அது கடலு.”

“கடலுன்னா அலை அடிக்கணுமில்ல?”

“உள்ளுக்குள்ள அடிக்கும். உக்காரு.”

எவரும் உட்காரவில்லை. காவலாளி ஒருவர் மட்டும் எஞ்சினார். அவரும் உறக்கத்தில் இருந்தார். “தூங்குறவனும் பாதி பாத்தவன்தான்யா” என்று பொம்மையார் என்னைத் தேற்றினார்.

சுருள் மாற்றும் இடைவேளையில் காலி நாற்காலிகளுக்கும் விளக்கவுரை உண்டு. “ரெண்டாவதுல எரிஞ்ச படகு மூணாவதுல புதுசா நிக்கும். காலத்தையே திருப்பிட்டான்யா, வரஞ்சவன்!”

அவர் வேண்டியது ஒன்றே. “ஒருத்தர், ஒரே ஒருத்தர் கடைசி வரைக்கும் பாக்கணும். அப்புறம் இந்தப் பொட்டியத் தூக்கிக் கடல்ல போட்டாலும் சரி.” அதற்கும் காலம் குறைந்துகொண்டு வந்தது. சுருள் பழையதாகி, படத்தின் நீலமெல்லாம் ஆண்டுக்காண்டு சிவந்தது. புரொஜெக்டரில் இருந்த விளக்கே கடைசி விளக்கு.

சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்து இரண்டாண்டுகள் கழிந்திருந்த ஒரு மழைநாள் பிற்பகலில், சிதம்பரம் பேருந்து நிலையத்திற்கு அருகில் ஒரு கூடத்தில் காட்சி. கடலோரக் கிள்ளையிலிருந்து மீன் விற்க வந்த பெண்மணி ஒருவர், வெறுங்கூடையுடன் மழைக்கு ஒதுங்கினார். கூடையின் மணத்தை முன்னிட்டு நான் தயங்கினேன்.

“கூடைக்கும் வயசாயிடுச்சு, உள்ள வுடுய்யா” என்றார் பொம்மையார்.

வந்திருந்த மற்ற மூவரும் முதற்சுருளிலேயே புறப்பட்டனர். அந்த அம்மாள் அசையவில்லை. நான்காம் சுருள் முடிந்து திரை வெண்மையானபோது பொம்மையார் கூடத்து விளக்கைப் போட்டார். நானும் உள்ளே சென்றேன்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அந்த அம்மாள். “ரெண்டாவதுல படகு எரியிது. மூணாவதுல அதே படகுக்குப் பலகை அடிச்சி, தாரு பூசுறாங்க. எரிஞ்ச படகுக்கு எவனாவது தாரு பூசுவானா? முன்னுக்குப் பின்னா போட்டுட்டீங்க.”

பொம்மையார் டின்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு மாத்துனது?” என்றார் அம்மாள்.

“நான்தாம்மா. மூடிய மாத்திப் போட்டுட்டேன். கண்ணு மங்கிப்போச்சி” என்றார் பொம்மையார்.

அவருக்குக் கழுகுப் பார்வை. டின்களை அவர் ஒருநாளும் மூடியதில்லை.

“இன்னொரு வாட்டிப் போடுங்க, ஒழுங்கா” என்றார் அம்மாள். கிள்ளைப் பேருந்து சென்றுவிட்டது; அவர் பொருட்படுத்தவில்லை. சுருள்கள் முறைப்படி ஓடின. வாழ்நாளில் முதன்முறையாகப் பார்வையாளர்களாக நானும் பொம்மையாரும் அவர் பின்னால் அமர்ந்தோம். படகு பிறந்தது, கடல் கண்டது, எரிந்தது. அப்பெண் தனியே நீந்திக் கரையேறினாள்.

“இப்ப எப்படிம்மா?” என்றார் பொம்மையார்.

அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டார். “இப்ப சரியா இருக்குண்ணே. ஆனா மொத வாட்டி படகு திரும்பி வந்துச்சில்ல.”

பொம்மையார் அதன் பின்னும் சில காட்சிகள் நடத்தினார். எந்த வரிசையில் ஓட்டினார் என்று நான் வாசலில் நின்றபடி கேட்கவில்லை. விளக்கு போயிற்று, பின்னர் அவரும் போனார். மூடிகளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னாரில்லை.

ஐயா, அம்மையீர், மூடிகளை மாற்றியவன் நான். என் பழியைச் சுமக்க இனி அவர் இல்லை. ஆகவே, டின்களோடு இருக்கும் இக்குறிப்பைக் கிழித்தெறியாமல் எங்கேனும் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.