நாற்பத்தைந்து மைலில் ஒரு நடுக்கம்

இந்தக் குளிர்காலத்துக்குள் புது ட்ரக் வாங்கியே தீருவது என்று வெய்க்கோ சபதம் எடுத்திருந்தான். மிச்சிகனின் வடகோடியில், வீடு வீடாகப் போய் வாசலில் விழுந்த பனியைத் தள்ளிக் கொடுப்பது அவன் பிழைப்பு. பதினெட்டு வயது பிக்கப். அதன் மூக்கில் ஆள் நீளத்துக்கு, பனி தள்ளும் ஓர் இரும்பு பிளேடு. "வெளியிலயும் பிளேடு, வீட்டுலயும் பிளேடு" என்பாள் மனைவி லெம்பி. புது ட்ரக் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான்: "ஓடுற வண்டிய எதுக்குப்பா மாத்தணும்?"

அந்தப் பாவி வண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பரில் கடவுள் கண் திறந்தார். வேகம் நாற்பத்தைந்து மைலைத் தொட்டதும் வண்டி நடுங்கியது. ஸ்டியரிங் நடுங்கியது. சீட் நடுங்கியது. வெய்க்கோவின் தொப்பை நடுங்கியது. மனசு மட்டும் துள்ளியது!

ஐந்து நாள் கராஜே கதி என்று கிடந்தான். பிளேடைக் கழற்றிவிட்டு ஓட்டினான், நடுக்கம் போகவில்லை. சக்கரத்துக்குள் உறைந்த பனிக்கட்டியைத் தட்டி உதிர்த்தான்; போகவில்லை. ஓடும்போதே நியூட்ரலில் தள்ளினான், அப்போதும் நடுங்கியது. ஆக, இன்ஜின்மேல் தப்பில்லை. கடைசியில், முன்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினான். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

பிடித்துவிட்டான்! ஷாஃப்ட் முனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு க்ராஸ், சிலுவை மாதிரி ஓர் இணைப்பு. வருஷக்கணக்காக பிளேடின் கனத்தோடு மல்லுக்கட்டித் தேய்ந்திருக்கிறது. அரை நாள் வேலை.

வேறு யாராவது என்றால் புதுசு வாங்கிப் போட்டிருப்பார்கள். வெய்க்கோ தேய்ந்ததையே துடைத்து, ஒரு முத்தம் கொடுத்து, திரும்ப மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் லெம்பியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு விட்டான். நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து!

"எ-எ-என்னப்பா இது?"

"வ-வண்டிக்கு உ-உயிர் போகுது லெம்பி!"

திரும்பி வந்தபோது வாசலில் பக்கத்து வீட்டு ஆர்னி நின்றிருந்தான். லெம்பி நடுக்கத்தைச் சொன்னதும், "க்ராஸ் ஏதும் போயிருக்குமோ?" என்றான்.

"ஆர்னி, நீ உள்ள போய் காப்பி குடி" என்றான் வெய்க்கோ.

லெம்பி குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"துரு எவ்வளவுன்னு பாத்தேன்."

"துரு மட்டும்தான் மிச்சம்! பெயிண்ட்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு!"

"அப்ப குப்பைதான்?"

"சுத்தக் குப்பை!"

"சரிப்பா. என் பேருக்கு எழுதிக் குடு. நானே தள்ளிக்கிறேன்."

சண்டை இல்லை, கேள்வி இல்லை! இருபத்தாறு வருஷத்தில் முதல் வெற்றி. மனசு மாறுவதற்குள் வெய்க்கோ பத்திரத்தை எடுத்து வந்து, வண்டியின் மூக்கில் வைத்தே கையெழுத்துப் போட்டான். ஆர்னிதான் சாட்சி.

செவ்வாய் இரவு பனி முழங்காலுக்குக் கொட்டியது. புதன் காலை இன்ஜின் சத்தம் கேட்டு வெய்க்கோ வெளியே ஓடினான். ஸ்டியரிங்கில் லெம்பி.

"விக்கலையா?"

"விக்கிறேன்னு யாரு சொன்னா? தள்ளிக்கிறேன்னுதானே சொன்னேன்? பனிய. நேத்து ஆர்னி கராஜுல புது க்ராஸ் போட்டாச்சு."

"க்ராஸா? அதுதான்னு உனக்கு எப்படி..."

"அடியில அத்தனையும் துரு. அந்த ஷாஃப்ட் போல்ட் நாலு மட்டும் வெள்ளி மாதிரி மின்னுச்சு. எவனோ இப்பத்தான் கழட்டி மாட்டியிருக்கான். யாரா இருக்கும்ப்பா?"

வெய்க்கோ பேச்சை மாற்றினான். "அப்ப, புது ட்ரக்கு?"

"ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு?"

"என் வாடிக்கைக்காரங்க?"

"பதினோரு வீட்டுலயும் பேசிட்டேன். சந்தோஷமா சரின்னாங்க."

டிரைவர் கதவைத் திறக்கப் போனான். "அந்தப் பக்கம் ஏறு" என்றாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியும் வண்டி இம்மியும் நடுங்கவில்லை. முதல் வீட்டில் ஒரே மூச்சில் பனியை வழித்தெடுத்து, படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"படிக்கட்டுல பிளேடு ஏறாதுப்பா. பின்னாடி பனி அள்ளுற ஷவல் கிடக்கு, இறங்கு."