ஆப்ஷனல் அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ஆப்ஷனல் அண்ணாச்சிதான். ஆபீஸ் லிஃப்டைக்கூட ஒருமுறை காலியாக மேலே அனுப்பி, அது பத்திரமாகத் திரும்பி வந்த பிறகுதான் ஏறுவார்.

நாகர்கோவில்காரர். எங்கள் கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். ஒரு மென்பொருளை நிறுவும்போது கூடவே சில துணைத் தொகுப்புகளும் வேண்டும். சில கட்டாயம். சில, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும், அவைதான் ஆப்ஷனல். அண்ணாச்சி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “இப்போ ஓடுதான்னு பாப்பம்டே” என்று உட்கார்ந்துவிடுவார். பழவங்காடி ஓட்டலில் ஒரு நாள் அவியல் இல்லாமல், ஒரு நாள் பப்படம் இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்து, சாம்பார் மட்டுமே கட்டாயம் என்று தீர்ப்பளித்தவர்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்தோம். நோயாளியின் நாடித்துடிப்பு குறைந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். மணியோசைக்கான தொகுப்பை ஆப்ஷனலில் வைத்திருந்தோம். எங்கள் கணினிகளில் எல்லாம் அது இருந்ததால் மணி அடித்தது. அண்ணாச்சி ஒரு புதுக் கணினியில் நிறுவினார். அடிக்கவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை. தொகுப்பு இல்லாததால் மணிக்கான சோதனைகளை மட்டும் தாண்டிவிட்டு, ‘எல்லாம் சரி’ என்று பச்சை காட்டியது.

“ஸ்கிப் ஆனா ஃபெயில் இல்லல்லோ அண்ணாச்சி? டெஸ்ட் ரிப்போர்ட்ல சைன் பண்ணித் தாங்க” என்றார் மானேஜர்.

“பரீட்சைக்கே வராதவன் பாஸா வே? நான் போட மாட்டேன்.”

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போடாத கையெழுத்தை நான் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் அந்த மணி அடிக்காமல் போனது. நோயாளி, போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் தற்செயலாகப் பார்த்ததில் உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது.

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அழுகைதான் வந்தது.

“அழாதடே. நான் வாரேன்.”

அடுத்த பஸ்ஸில் வந்தார். மணித் தொகுப்பு இல்லையென்றால் மென்பொருளை நிறுவவே முடியாதபடி என்னைக்கொண்டு மாற்றவைத்தார். தாண்டிப்போன சோதனைகளெல்லாம் அறிக்கையில் சிவப்பாக வரும்படி செய்தார். பிறகு என்னை வார்டுக்குக் கூட்டிப்போனார். கட்டிலருகே அவள் புருஷன் நின்றிருந்தான்.

“நாங்க செஞ்சதுல தப்பு வந்துட்டு தம்பி. மணி அடிக்கல” என்றார் அண்ணாச்சி.

“இவளுக்கு இனிப் பேச்சு வருமா சாரே?”



‘நாங்க’ என்றாரே, அந்தத் தப்பில் அவருக்குப் பங்கே கிடையாது. என்னைத் தனியாக நிற்கவிட மனசில்லாமல்தான் அப்படிச் சொன்னார்.