ரிஜெக்ட் சாரும் ஒரு டப்பா சௌசௌ கூட்டும்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து முடித்ததும் ரிஜெக்ட் சாரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், உலகம் இன்னும் டிஸ்பாட்ச் ஆகியிருக்காது. யானைக்கு மூக்கு நீளம், ஒட்டகத்துக்கு முதுகு மட்டமாக இல்லை, மனிதனுக்கு மூளை ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது என்று எல்லாவற்றின் மேலும் சிவப்பு டேக் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். கடவுளும் பயந்துபோய் ஏழாம் நாள் லீவு எடுக்காமல் ஓவர்டைம் பார்த்திருப்பார்.

பெங்களூர் பொம்மசந்திராவில் தண்ணீர் பம்புக்கு வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். அவருக்கு அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அவருடைய மனைவியே ஒரு நாள் ஸ்ரீராம்புரத்திலிருந்து போன் செய்து, "ரிஜெக்ட் இருக்காருங்களா?" என்று கேட்டதாக எங்கள் செக்யூரிட்டி சத்தியம் செய்தார்.

அவர் சட்டைப் பையில் மூன்று நிறத்தில் டேக் இருக்கும். பச்சை என்றால் பாஸ். மஞ்சள் என்றால் ரீவொர்க், அதாவது திருத்திக் கொண்டு வா. சிவப்பு என்றால் ரிஜெக்ட். இதில் ஒரு சட்டம் உண்டு. டேக்கை ஒட்டியவர் கையால்தான் பிரிக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் மெமோ.

ஒரு தடவை கேன்டீனில் ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலிக்குச் சிவப்பு ஒட்டிவிட்டு, மனிதர் நான்கு நாள் திருப்பதிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி ஜெனரல் மேனேஜருடையது. பாவம், அவர் நான்கு நாளும் நின்றுகொண்டே சாப்பிட்டார். டேக்கைப் பிரித்துப் போடச் சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

சாப்பாட்டு மேஜையிலும் மனிதருக்கு டியூட்டி முடியாது. அவர் டப்பா நான்கு அடுக்கு. மூன்றில் காய், ஒன்றில் மட்டும் சோறு. பீன்ஸ் பொரியலைத் தின்பதற்கு முன் வெர்னியர் கருவியை எடுத்து ஒரு துண்டை அளந்து பார்ப்பார். பீன்ஸ் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் நார் பிடித்துவிடும் என்பது அவர் கணக்கு. லேத்தில் வேலை பார்த்த மஞ்சு பாதிக் கன்னடத்தில் என் காதில் சொல்வான்: "நோடு குரு, சாருக்குக் காய்தான் ஊட்டா. சோறு சும்னே தொட்டுக்கறதுக்கு." ஊட்டா என்றால் சாப்பாடு.

என் டப்பா இதற்கு நேர் எதிர். எனக்கும் காய்கறிக்கும் பிறவிப் பகை. திங்கட்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, மற்ற நாளில் முட்டை, உருளைக்கிழங்கு வறுவல். ஷிஃப்ட் மாறி நான் அந்த மேஜைக்கு வந்த முதல் நாளே என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"காய் எங்கப்பா?"

"உருளைக்கிழங்கு இருக்கே சார்."

"அது சோத்துக்குத் தம்பி. காய் எங்க?"

நான் டப்பாவை மூடினேன். டப்பா மூடியில் சிவப்பு டேக் விழுந்தது. சாயங்கால சைரன் அடிப்பதற்குள் அவரே வந்து அதைப் பிரித்துக்கொண்டு போவார். மறுநாள் மறுபடியும் ஒட்டுவார். எந்தப் பழுதானாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் வேர் கிடைத்துவிடும் என்பது அவர் வேதம். என்னையும் கேட்டார். மூன்றாவது ஏனிலேயே, போர்டிங் ஸ்கூலில் வெந்து வெளுத்த முட்டைகோஸைத் தின்று முடித்தால்தான் விளையாட விடுவார்கள் என்ற கதையை நான் கக்கிவிட்டேன். ஒரு வார்டன் செய்த தப்புக்கு நீ மொத்தத் தோட்டத்தையும் தண்டிக்கிறாயே என்று வருத்தப்பட்டார்.

இப்படி இரண்டு மாதம் தினமும் ஃபெயிலாகி மானம் போனதில், ஒரு நாள் தொம்மலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, நாளைக்கு ஏதாவது காய் வைத்துக் கொடு என்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. முதலில் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் சௌசௌ கூட்டு வைத்தாள். தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர். ஊர் பெயரையே தாங்கிக்கொண்டிருக்கிற காயை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அதுவரை நாக்கில் வைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் மேஜையில் டப்பாவைத் திறந்தேன்.

ரிஜெக்ட் சார் ஸ்பூனில் எடுத்தார். சாய்த்தார். அது ஓடியது.

"இது இன்னா காய்?"

"சௌசௌ சார்."

"எங்க இருக்கு?"

தேடினோம். மஞ்சுவும் வந்து தேடினான். கிடைக்கவில்லை. அவர் சிவப்பு டேக்கை எடுத்து, காரணம் என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதினார்: வேக்காடு அளவு மீறியது, காய் அடையாளம் தெரியவில்லை. மூடியில் ஒட்டினார்.

அன்றைக்குப் பார்த்துக் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்து, ரிஜெக்ட் சாரை மீட்டிங் ரூமில் பிடித்துக்கொண்டார்கள். சைரன் அடித்துவிட்டது. பஸ் ஹாரன் அடிக்கிறது. டப்பாவில் டேக் அப்படியே இருக்கிறது. புத்தியுள்ள எவனும் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பான். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் கைக்கு அது வராது. டேக்கோடு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டெல்லா ஸ்கூலில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் சிவப்பு மையில் எழுதும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். டேக்கைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். யார் எழுதியது என்று கேட்டாள். சொன்னேன்.

"இதப் பிச்சுப் போட்டுட்டு வர முடியலையா உங்களால?"

"ஒட்டினவர்தான் பிரிக்கணும் ஸ்டெல்லா. ரூல்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் இதைவிட மோசமானது வேறு இல்லை. அவள் டப்பாவைக் கழுவித் துடைத்து, மூடியை டேக்கோடு ஷோகேஸில் குழந்தை இயேசுவுக்கும் அவளுடைய நல்லாசிரியர் ஷீல்டுக்கும் நடுவில் வைத்தாள்.

"அப்ப அவரே வந்து பிரிக்கட்டும். அது வரைக்கும் சமைச்ச காய் உங்க டப்பால வராது."

சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை புது டப்பாவைத் திறந்தேன். குழம்போ முட்டையோ இல்லாத வெறும் சோறு, பக்கத்தில் முழுசாக ஒரு பச்சைச் சௌசௌ, ஒரு துண்டுச் சீட்டு: 'இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் சமைத்துக்கொள்ளவும்.' மேஜையே சிரித்துப் புரண்டது. செவ்வாய்க்கிழமை இரண்டு பீட்ரூட். புதன்கிழமை மண்ணோடு ஒரு நூக்கல். வியாழக்கிழமை முருங்கைக்காய். அது டப்பாவில் அடங்காமல் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்து, பஸ் ஹெப்பகோடியில் பிரேக் போட்டபோது டிரைவரின் காதுக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் என்னைக் கடைசி சீட்டில்தான் உட்கார விட்டார்கள்.

வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் பரீட்சை ஹாலில் சொல்வது மாதிரி. பதினோரு வருடத்தில் நாங்கள் சண்டை போடாதவர்கள் இல்லை. ஆனால் இந்த மௌனம் வேறு ரகம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது? மேஜையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அங்கே கறிக்குழம்பா கிடைக்கும்? மஞ்சு கீரைச் சாறு, அதாவது கீரைக் குழம்பு, ஊற்றினான். ரிஜெக்ட் சார் தன் அடுக்கிலிருந்து மொறுமொறுவென்று கோவைக்காய் வறுவல் வைத்தார். பசியில் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டே தின்றுகொண்டிருந்தேன். மஞ்சு கொண்டுவந்திருந்த அவரைக்காய்ப் பொரியலில் பாதி என் தட்டில் இருந்தது. அதை நானாகத்தான் எடுத்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரிஜெக்ட் சார் மட்டும் அந்த வாரம் முழுக்கச் சிரிக்கவே இல்லை. டேக் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது, இது என் டிபார்ட்மென்டின் தப்பு என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஐடி கார்டு, பையில் வெர்னியர், கையில் நான்கு சௌசௌ.

"நீங்கதானா சார் அது? உள்ள வாங்க" என்றாள் ஸ்டெல்லா. காபி கொடுத்தாள். மனிதர் முதல் தடவையாக ஒரு பொருளைச் சோதிக்காமல் குடித்தார். குடித்துவிட்டு ஷோகேஸைப் பார்த்தார். நேராகப் போய் டேக்கைக் கிழித்திருந்தால் அங்கேயே பிரச்சினை முடிந்திருக்கும். ஆனால் மறு சோதனை இல்லாமல் சிவப்பு டேக்கைப் பிரிக்க ரூல் இடம் தராது, அதே கூட்டை இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் குழந்தை இயேசுவைப் பார்த்தேன்.

"செய்யறேன் சார்" என்றாள் ஸ்டெல்லா. "முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க. நான் மார்க் போடறேன்."

ரிஜெக்ட் சார் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுச் சௌசௌவை நறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டையும் வெர்னியரில் அளந்தார். சரியாக வராத துண்டுகளைத் தனியாக ஒதுக்கினார். அவர் இரண்டாவது காயை அளந்து முடிப்பதற்குள் எண்ணெய் புகைந்தது, கடுகு கருகியது, அவசரத்தில் அள்ளிப் போட்ட காய் அடிபிடித்தது. வீடு முழுக்கப் புகை மண்டியது. ஸ்டெல்லா ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்துக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மார்க் நறுக்கியதற்கு, இரண்டு மார்க் வீடு தேடி வந்ததற்கு. அவர் அதை நிதானமாகப் படித்து, "கரெக்ட்" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் வாங்கிய முதல் ரிஜெக்ட் அது.

அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா அன்னிக்கு அவ்ளோ வேக வெச்சீங்க?"

"நல்லா மசியணும்னு சார்."

"ஏன் மசியணும்?"

"காய்னு தெரியக் கூடாதுன்னு."

"ஏன் தெரியக் கூடாது?"

"தெரிஞ்சா இவரு ஒதுக்கிடுவாரு. காய் வைன்னு இவரே கேட்டாருதான், ஆனா எனக்கு நம்பிக்க வரல." ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "பதினோரு வருஷம் சார். பருப்புல கரைச்சிருக்கேன், சப்பாத்தி மாவுல பிசைஞ்சிருக்கேன். ஒரு நாளாச்சும் இது நல்லா இருக்குன்னு சொல்லுவாரான்னு பாத்துட்டே இருக்கேன்."

அடுத்த ஏனை அவர் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பருப்பில் கரைத்தது, மாவில் பிசைந்தது எதுவுமே எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் என்னை ஏமாற்றியாவது நன்றாக வைத்திருக்க ஒருத்தி பாடுபட்டிருக்கிறாள்.

ரிஜெக்ட் சார் ஷோகேஸைத் திறந்து, சிவப்பு டேக்கை இரண்டு கையாலும் பிரித்தார். "பீஸ் மேல தப்பில்லம்மா" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்து என் சட்டையில் ஒட்டினார்.

"தப்பு இங்க இருக்கு. ஆனா ஸ்கிராப் இல்ல. ரீவொர்க் பண்ணலாம்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவள் சிரிக்கிறாள். மீதியிருந்த சௌசௌவைச் சிறுசிறு துண்டாக நறுக்கி, பாசிப்பருப்போடு அரைப்பதமாக வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு, கால் மணி நேரத்தில் இறக்கினாள். கூட்டில் காய் காயாகத் தெரிந்தது. கடித்தால் லேசாகத் தித்தித்தது. தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் போடு, நல்லா இருக்கு" என்றேன். யாரும் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை. ஸ்டெல்லா சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை ரொம்ப நேரம் அணைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ரிஜெக்ட் சார் ரிட்டையராகி மகளோடு ஓசூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் போன் வரும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார். இன்றைக்கு என்ன காய் என்பார், தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். அனுப்பினால், சோறு அதிகம், பீன்ஸ் தடிமன், நிறம் மங்கல் என்று ஏதாவது ஒரு குறை பதிலாக வரும். ஸ்டெல்லா அதை வாங்கிப் படித்து ரசித்துச் சிரிப்பாள்.

அந்த மஞ்சள் டேக் சட்டையிலிருந்து தானாகவே உதிர்ந்து, இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஒட்டியவர்தான் பிரிக்க வேண்டும், அவர் பிரிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்துவதில்லை. ரீவொர்க் முடிந்துவிட்டது என்று தெரிந்தால் போன் செய்வதை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம்.