சீயக்காய்க் கிணறு

மாமனார் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சிவில் டிப்ளமா படித்த மாப்பிள்ளையைக் கட்டிப் போட்டே வைக்கலாம். என்னை யாரும் கட்டிப் போடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாமனாருக்கு வானகரம். ஐப்பசியில் தெருவிலுள்ள மொட்டை மாடித் தண்ணீரெல்லாம் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்குள் வரும். வாளி வாளியாக வெளியே ஊற்றுவோம். சித்திரையில் கிணறு வற்றியதும், குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுவோம். (என்ன ஒரு புத்தி!) தெருவில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு மாமனாருடையது. நாலு வீடு அதை நம்பித்தான் உலை வைத்தது.

"மாடித் தண்ணிய ஏன் மாமா ரோட்டுல விடணும்? குழாய் போட்டுக் கிணத்துலயே இறக்கிடலாம்" என்றேன்.

"சல்லி, மணலு கொட்டி வடிகட்டி உடணும்னு கொத்தனாரு சொல்றாரே மாப்ளே?"

"வானத்துத் தண்ணிக்கு எதுக்கு மாமா வடிகட்டி?" (திமிரைப் பாருங்கள்!)

குழாய் மாட்டிய மறுவாரமே வானம் இருட்டியது. மாடிப்படியை மறித்தபடி, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் ஓடி வந்தார். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது; எதுவானாலும் என் மனைவி வழியாகத்தான் வரும். அவளோ கடைக்குப் போயிருந்தாள். மாமியார் மாடியைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார். என் குழாயைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, அடக்கமாகச் சிரித்தேன்.

மாடியில் இருந்தது, மில்லில் அரைத்து ஆறப் போட்டிருந்த நாலு படி சீயக்காய்த் தூள்.

மழை கொட்டியது. குழாய் பழுப்பாகக் கக்கியது. இறைத்துப் பார்த்தால் வாளி நிறைய நுரை!

குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, கெணறு தலை முழுவுதா?"

நாலு வீட்டுக் குடிதண்ணீரும் போச்சு. கிணற்றில் குதித்துவிடலாம் என்றால் கண் எரியும். அப்போதுதான் மாமியார் முதன்முதலாக என்னைப் பார்த்துப் பேசினார்: "கொஞ்சம் நவுந்திருந்தா நான் வாரிக்கினு வந்திருப்பேனே மாப்ளே!" சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

நாலு வீட்டாரும் சேர்ந்து இரண்டு நாள் கிணற்றை இறைத்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமனார் சல்லியும் மணலும் வாங்கிவந்து வடிகட்டித் தொட்டி கட்டவைத்தார். முதல் மழையைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடக் குழாயில் ஒரு கிளையும் அதற்கு மூடியும் போட்டோம். அடுத்த சித்திரையில் கிணறு வற்றவில்லை.

அன்றிலிருந்து மாமியார் என்னிடம் நேராகவே பேசுகிறார். இன்றும் மேகம் கறுத்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: "மழை வருது மாப்ளே! படிய உட்டு நவுந்து நின்னுக்கினு, தலைக்கு எண்ணெ வெச்சுக்குங்க!"